கரிநாக்குப் புரொபசர்

நாம் சொல்வதைக் காதில் வாங்காதவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்கள் செவிடர்களாக இருப்பார்கள், அல்லது அதிகாரிகளாக இருப்பார்கள். கரிநாக்குப் புரொபசர் இரண்டும் இல்லை. மனிதர் பேசுவதை அவரைப்போல் கூர்ந்து கேட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

"வீடு எரியுது" என்று ஒருவன் ஓடிவந்து சொன்னால், அந்த 'ரி'யில் அவன் நாக்கு எங்கே போய்த் தட்டுகிறது என்று பார்ப்பார். வீடு போய்விடும். நாக்கு நோட்டில் ஏறிவிடும்.

மாண்ட்ரியல் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகம். அவர் அதில் பேச்சொலி ஆராய்ச்சி செய்தார். நான் அதே இடத்தில் சாப்பாட்டுக்கூடத்தில் சூப்பு வைத்தேன். அறுபத்தேழில் இங்கே நடந்த உலகக் கண்காட்சிக்குச் சமையல் வேலைக்கு என்று நாகர்கோவில் பக்கமிருந்து வந்தவன் நான். கண்காட்சி முடிந்தது. மற்றவர்கள் கப்பலேறினார்கள். நான் ஏறவில்லை.

முதல் சந்திப்பு சூப்பில்தான். கொதிக்கிற அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தேன். வழியில் கண்ணாடி போட்ட ஒருவர், தட்டோடு நின்றார். கையில் கனம். வாயில் பிரெஞ்சு வரவில்லை.

"மாறு, மாறு! கொதிக்கி!" என்று கத்தினேன்.

அவர் விலகி மாறவில்லை. முகத்தில் சாமி கண்ட மாதிரி ஒரு சிரிப்பு. சூப்பு அவர் கோட்டில் கொட்டியது. கோட்டை அவர் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார்.

"அந்த 'மாறு'வை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார், தமிழில்.

"சார், கோட்டு..."

"கோட்டு இல்ல. மாறு."

சொன்னேன். இன்னொரு தடவை என்றார். பின்னால் வரிசையில் பதினைந்து பேர் தட்டோடு நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி பதினோரு தடவை 'மாறு' சொன்னேன். யாரும் மாறவில்லை.

என் வாயில் நாக்கு மேலே போய்த் தொடுகிற இடம் மற்றவர்களைவிட ஒன்று அதிகம் என்றார். பல்லுக்குப் பின்னால் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. சென்னைக்காரர்கள் நடுவில் இருப்பதை எப்போதோ தொலைத்துவிட்டார்களாம். என்னிடம் பத்திரமாக இருக்கிறதாம். இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு நான் மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். தெரியவில்லை.

அதிலிருந்து வாரம் ஒருநாள் அவர் அறைக்குப் போனேன். அங்கே ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு காமிரா, பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி. கரித்தூளையும் கோக்கோவையும் தண்ணீரில் குழைத்து வைத்திருப்பார். ரொட்டிக்கு முட்டை தடவுகிற பிரஷ் மாதிரி ஒன்றால் அதை என் நாக்கில் பூசுவார். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒன்றுதான். நாக்கு மேலே தொட்ட இடத்தில் கரி ஒட்டும். கண்ணாடியை உள்ளே விட்டுப் படம் எடுப்பார். இப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பூச்சு.

அந்தக் குழம்பு கட்டி தட்டியிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"சார், தண்ணி விடாதிய. ஆலிவ் எண்ணெய் விடுங்க. ரெண்டு சொட்டு சீனிப்பாகு சேருங்க. பிடிக்கும்."

பிடித்தது. படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறிவியலுக்கு நான் செய்தது அது ஒன்றுதான். அதுவே பின்னால் எனக்கு வினையாக வந்தது.

அவருக்கு என்மேல் ஒரே ஒரு குறை. நான் பேசுவதில்லை. டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு எதிரே உட்காருவார்.

"செல்லப்பன், ஏதாவது கதை சொல்லுங்க. ஊர்க் கதை."

"ஊரு நல்லாருக்கு சார்."

"அப்புறம்?"

"மழை உண்டு."

டேப்பு ஒரு மணி நேரம் ஓடும். அதில் பெரும்பாலும் என் மூச்சுதான் இருக்கும். அதையும் அவர் ஒருதரம் முழுக்கப் போட்டுக் கேட்டார்.

முதல்நாள் பூச்சோடு சமையலறைக்குத் திரும்பினேன். பெரிய சமையல்காரர் கிரேக்கர். ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். என் வாயைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டார். மூன்று நாள் வீட்டில் இரு என்றார்.

வீடு வில்லரே என்ற பகுதியில். என்னோடு இருந்தவர் சின்னத்துரை அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அவர்தான் புரொபசருக்கு இந்தப் பெயரை வைத்தார். நாக்கில் கரி இருப்பவன் சொன்னது பலிக்கும் என்பதில் அண்ணைக்குச் சந்தேகமே கிடையாது. முதலில் பயந்தார்.

"தம்பி, என்னைப் பாத்து ஒண்டும் சொல்லாதையும். வாயை மூடிக்கொண்டு இரும்."

நான் வழக்கமாக அப்படித்தான் இருப்பேன். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஃபோர்மன் வேலை கிடைக்கும் எண்டு ஒருக்காச் சொல்லும்."

"கிடைக்கும் அண்ணை."

கிடைக்கவில்லை.

"கரி காணாது தம்பி. அடுத்த கிழமை அந்தாளிட்டச் சொல்லி இன்னும் கொஞ்சம் தடிப்பாப் பூசிக்கொண்டு வாரும்."

புரொபசரோடு வெளியே போவது ஒரு வேலை. மெட்ரோவில் அவர் எதிரே இருப்பவர்களின் வாயைப் பார்ப்பார். வாய் அசைந்தால் பக்கத்தில் போவார். பேசுகிற அம்மா இடம் மாறினால் இவரும் மாறுவார். நான் அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்வேன்.

ஜான்-டலோன் சந்தையில் ஒருநாள் தக்காளிக் கடையில் நின்று கடைக்காரனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தக்காளி வாங்கவில்லை. அரைமணி ஆயிற்று. கடைக்காரன் திட்ட ஆரம்பித்தான். அந்த ஊர்த் திட்டு எல்லாம் மாதாகோயில் சாமான்களின் பெயர்கள். பூசைப் பாத்திரம், அப்பம், பீடம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். புரொபசர் எழுதிக்கொண்டார். "மெர்சி" என்றார். கொஞ்சம் மெதுவாக இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டார். திட்டுக்கு அவனிடம் யாரும் நன்றி சொன்னதில்லை போலிருக்கிறது. மெதுவாகச் சொன்னான். மூன்றாம் தடவை அவனுக்கே அலுத்துப்போய் ஒரு தக்காளியைச் சும்மா கொடுத்தான். அடுத்த வாரம் போனபோது, இவருக்கென்று தன் அப்பாவிடம் கேட்டு நாலு பழைய திட்டு எடுத்துவைத்திருந்தான்.

அவர் வீட்டம்மா அவரிடம் பேசுவதில்லை. சண்டை ஒன்றுமில்லை. எழுதிக் காட்டுவார். பேசினால் இவர் சத்தத்தைக் கேட்பார், சங்கதியைக் கேட்கமாட்டார் என்று கல்யாணமான முதல் வருஷமே கண்டுகொண்டாராம். 'பால் வாங்கவும்' என்று சீட்டு எழுதிக் கோட்டுக் கையில் ஊக்கால் குத்திவிடுவார். ஒருநாள் அந்தச் சீட்டோடு வகுப்புக்குப் போனார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பையன்கள் கேட்டார்கள். 'பா' எப்படிப் பிறக்கிறது என்று ஒரு மணி நேரம் சொன்னார். பால் வரவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் ஆட்கள் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். பிரெஞ்சு அவரளவுக்குத் தெரிந்த தமிழர் அப்போது வேறு கிடையாது. சின்னத்துரை அண்ணை ஒருதடவை கூப்பிட்டார். ஜனவரி மாதம், வீட்டு ஹீட்டர் ஓடவில்லை. வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சுதான்.

"ஐயா, குளிர் எலும்புக்குள்ள போகுது எண்டு சொல்லுங்கோ. ஹீற்றரைத் திருத்தித் தரட்டாம் எண்டு சொல்லுங்கோ."

புரொபசர் வீட்டுக்காரரிடம் திரும்பினார். யாழ்ப்பாணத்தார் 'ஹீற்றர்' என்று சொல்லும்போது நாக்கு எங்கே நிற்கிறது என்று நாற்பது நிமிஷம் விளக்கினார். வீட்டுக்காரர் நல்ல மனிதர். கேட்டார். போகும்போது அண்ணையின் தோளைத் தட்டி, "ஹீற்றர்" என்று சுத்தமாகச் சொன்னார். ஹீட்டர் மார்ச் மாதம் வரை ஓடவில்லை.

இனி என் விஷயம்.

எழுபதில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த நாட்டிலேயே இருக்கக் கேட்டு மனுப் போட்டிருந்தேன். அதற்கு டாக்டர் சோதனை. டாக்டர் பெயர், நாள், நேரம் எல்லாம் இருந்தது. நோய் இல்லை என்று அவர் எழுதினால் காகிதம் மேலே போகும். என் மனைவி பகவதியையும் மகளையும் வரவழைக்கலாம். வேறு மாதிரி எழுதினால் நான் விமானம் ஏற வேண்டும். ஊரில் எனக்கு வேலையும் இல்லை, வேலை கொடுக்க ஆளும் இல்லை.

நான் புறப்பட்டு ஐந்து மாதம் கழித்துப் பிறந்தவள் மகள். ஒரே ஒரு போட்டோ வந்திருந்தது.

டாக்டருக்குப் பிரெஞ்சு மட்டும்தான். புரொபசரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டவுடன் வருகிறேன் என்றார். அண்ணைக்கு இது பிடிக்கவில்லை.

"தம்பி, அந்தாளைக் கூட்டிக்கொண்டு போகாதையும். ஊமை மாதிரிப் போனாலும் பாஸாகலாம்."

"வேற ஆளு இல்ல அண்ணை."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

சோதனை பத்தரை மணிக்கு. எட்டு மணிக்குப் புரொபசர் வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"செல்லப்பன், போன வாரம் எடுத்த படம் எல்லாம் கறுப்பா வந்திருக்கு."

"ஏன் சார்?"

"காமிரா மூடியை நான் எடுக்கல."

அவர் கட்டுரை அன்று தபாலில் போயாக வேண்டும். ஒரு படம் போதும். பத்தே நிமிஷம். எனக்காக வேலையை விட்டு டாக்டரிடம் வருகிறவர். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அதில் கரி பூசப் போகிறோம் என்று முடிவாகிவிட்டது.

படம் எடுத்தாயிற்று. கழுவினேன். போகவில்லை. உப்புப் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பாத்திரம் கழுவுகிற பிரஷால் தேய்த்தேன். கறுப்பு போய்க் கருநீலம் வந்தது. எண்ணெயும் பாகும் சேர்ந்தால் பிடிக்கும் என்று சொன்னவன் நான்தானே. பிடித்திருந்தது.

"கொஞ்ச நேரத்துல போயிடும்" என்றார் புரொபசர்.

மெட்ரோவில் வாயைத் திறக்காமல் போனேன். பார்த்தவர்கள் யாரும் வித்தியாசம் காணவில்லை.

டாக்டர் வயதானவர். வெள்ளை மீசை. நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் தட்டினார், கண்ணைப் பார்த்தார். எல்லாம் சரி. புரொபசர் பக்கத்தில் நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் டாக்டர், "ஆ" என்றார்.

முடிந்தவரை சின்னதாக ஒரு ஆ காட்டினேன். அவர் மரக்குச்சியால் வாயைப் பெரிசாக்கினார். குச்சி கறுப்பாக வெளியே வந்தது. குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய் ஜன்னலைத் திறந்தார். நர்ஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஏதோ கேட்டார்.

"என்ன சார் கேக்காரு?"

புரொபசர் கண்ணை மூடியிருந்தார்.

"அற்புதம், செல்லப்பன். இவர் ஆத்துக்கு அந்தக் கரைக்காரர். 'டி' சொல்றப்போ நுனியில ஒரு சீறல் வரது, கவனிச்சீங்களா?"

"என்ன கேட்டாரு சார்?"

"கேட்டாரா?"

டாக்டர் இன்னும் சத்தமாகக் கேட்டார். சத்தம் கூடினால் சீறலும் கூடுகிறது போல. புரொபசர் வேகவேகமாக எழுதினார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். என் பெயர் எழுதியிருந்த வெள்ளைத் தாளை ஓரமாக வைத்தார். மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

அப்போது நான் பேசினேன்.

"சார், நோட்டை மூடுங்க. அவரு எப்படிப் பேசுதாருன்னு நான் கேக்கல. என்ன சொல்லுதாருன்னு கேக்கேன். அந்த மஞ்சத் தாள்ல அவரு எழுதிட்டாருன்னா நான் போயிருவேன். அதுக்குப் பொறவு எனக்கு வேற காகிதம் கிடையாது. பகவதி மூணு வருசமா அவ அண்ணன் வீட்டுல கெடக்கா. பிள்ள நடக்கா, பேசுதா, பாட்டுப் படிக்கான்னு கடுதாசி வருது. கடுதாசில சத்தம் வருமா சார்? எனக்க மகளுக்க சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் இன்னும் கேட்டதில்ல."

அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன்னால் பேசியதில்லை. இரண்டு வருஷமாக அவர் டேப்பை ஓடவிட்டுக் காத்திருந்த பேச்சு அதுதான். பேனா அவர் கையில் இருந்தது. அவர் எழுதவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தார். எழுந்து டாக்டரிடம் போனார்.

நிறையப் பேசினார். டாக்டர் நம்பவில்லை.

"என்ன சொல்லுதாரு சார்?"

"நாப்பது வருஷமா டாக்டரா இருக்கேன், புத்தி உள்ளவன் எவனும் நாக்குல கரி பூச மாட்டான்கிறார்."

"அது சரிதான் சார்."

புரொபசர் பையைத் திறந்தார். சீசா, பிரஷ், கண்ணாடி எல்லாம் உள்ளே இருந்தன. டாக்டர் பார்க்கப் பார்க்கத் தன் நாக்கில் பட்டையாகப் பூசிக்கொண்டார். நீட்டிக் காட்டினார். இப்போது டாக்டர் முன்னால் இரண்டு நோயாளிகள். நர்ஸ் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

புரொபசர் ஒரு வார்த்தை சொன்னார். கண்ணாடியை வாய்க்குள் விட்டு, மேலே கரி ஒட்டிய இடத்தைக் காட்டினார். கழுவினார். பூசினார். வேறு வார்த்தை சொன்னார். கரி வேறு இடத்தில் ஒட்டியிருந்தது. டாக்டர் விளக்கைத் திருப்பிக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ கேட்டார்.

"இவர் கேக்கறதை இந்தத் தடவை சரியாக் கேட்டேன், செல்லப்பன்" என்றார் புரொபசர். "தன் நாக்கு எங்க தொடும்னு கேக்கறார்."

"பூசுங்க சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் முகமூடி கட்டிக்கொண்டு, கூட ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திரும்பி மூன்று பேர் நின்றோம். மூன்று பேர் நாக்கும் வெளியே இருந்தது. டாக்டர் கையில் கண்ணாடி இருந்தது. நீட்டிய நாக்கோடு அவளிடம் ஏதோ சொன்னார். அவள் மறுபடியும் கதவைச் சாத்தினாள்.

வெள்ளைத் தாளில் கையெழுத்து ஆயிற்று. ஓரத்தில் டாக்டரின் கரி விரல் ரேகை ஒன்றும் விழுந்திருந்தது. குடியேற்ற அலுவலகத்தில் அதை அரசாங்க முத்திரை என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புரொபசர் கட்டுரை அன்றைய தபாலைத் தவறவிட்டது. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. வீட்டம்மா சீட்டில் எழுதித்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த பிப்ரவரியில் பகவதியும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்துக்குப் போக என்னிடம் கார் இல்லை. புரொபசர் காரில் போனோம்.

அவர் இரண்டு மாதமாக அந்த நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு வயசுக் குழந்தை. நேரா அங்கேர்ந்து வரா. வேற ஒரு பாஷை காதுல விழல. வந்து இறங்கின உடனே பேசற பேச்சு, செல்லப்பன், அது ஒரு நாள்தான் கிடைக்கும். மறுநாளே கெட்டுப்போக ஆரம்பிச்சுடும். ஒரு கால் மணி நேரம். நான் ஓரமா நின்னுக்கறேன்."

"நில்லுங்க சார். உங்களுக்கு இல்லாததா?"

ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். புது டேப்பு. காரில் ஏறுமுன் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

கண்ணாடிக் கதவு திறந்தது. பகவதி மெல்லிய சால்வையோடு நடுங்கிக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு மகள். நான் கிட்டப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். மகள் என் தொப்பியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள்.

"நீதான் அப்பாவா?"

"ஆமா மக்களே. நான்தான்."

"எதுக்கு இம்புட்டுத் துணி உடுத்திருக்கே?"

அவ்வளவுதான். அப்புறம் நிறுத்தவில்லை. விமானத்தில் ஒரு அக்கா மிட்டாய் கொடுத்தாள், அம்மா ரெண்டு தடவை வாந்தி எடுத்தாள், மேகம் கீழே கிடந்தது, மாமாவின் கோழியைக் கூட்டி வர விடவில்லை. கொஞ்சம் கரகரத்த குரல். என் அம்மாவின் குரல் போலவும் இல்லை, பகவதி குரல் போலவும் இல்லை. அவள் குரல்.

புரொபசர் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ரெக்கார்டர் மூடியபடி தரையில் கிடந்தது. கையுறை போட்ட இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்தியிருந்தார்.